மார்கழிக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்

எனக்கும் என் மகளுக்கும் ஆஸ்துமா. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற சமயத்தில் எங்கள் வீட்டில் நான் செய்கிற முதல் வேலை, இன்ஹேலர்களை எல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து, எதில் எத்தனை பஃப் (ஒரு அழுத்தில் வருகிற மருந்து) பாக்கி இருக்கிறது என்று பார்ப்பதுதான். தினமும் எடுப்பது என்னுடையது ஒன்று, மகளுடையது ஒன்று, அப்புறம் அவசரத்துக்கு ஆளுக்கொரு நீல இன்ஹேலர். காலாவதி தேதி பார்ப்பேன், இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கிற ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துணியால் துடைக்காமல் அப்படியே காயவைப்பேன் (துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்), டாக்டரிடம் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வருவேன். தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஐப்பசி மழையில் ஆரம்பித்து தை பாதி வரைக்கும் நீள்கிற மூன்றரை மாதம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டமான காலம், அந்தக் காலம் வந்த பிறகு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை என்பதை நான் முப்பது வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு இந்தத் தொந்தரவு ஐந்து வயதில் வந்தது. திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்துக் கிராமம். மார்கழியில் அங்கே நல்ல பனி இறங்கும். விடிகாலை மூன்றரை நான்கு மணிக்குக் கோயில் ரேடியோ பாட ஆரம்பிக்கும் நேரத்தில் எனக்கு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும், படுக்க முடியாது, எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தால்தான் கொஞ்சம் காற்று உள்ளே போகும். அம்மாச்சி எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 'பொழுது விடியட்டும் தாயி, வெயில் வந்தா சரியாயிரும்' என்பார். வெயில் வந்தால் நிஜமாகவே கொஞ்சம் சரியாகும். அடுத்த நாள் மூன்றரைக்கு மறுபடியும் வரும்.

அந்தக் காலத்தில் அதற்கு ஆஸ்துமா என்று யாரும் பெயர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு டாக்டர் ஈஸ்னோபீலியா என்றார், ரத்தத்தில் ஈஸ்னோபில் என்கிற வெள்ளை அணு ஏறியிருக்கிறது என்று மூன்று வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது பிள்ளைகளுக்கு வருகிற ஆரம்பக் காசநோய், என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார். என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த இரண்டு பெயரும் ஞாபகம் இருக்கும். ஈஸ்னோபீலியாவும் பிரைமரி காம்ப்ளெக்ஸும் நிஜமான நோய்கள்தான், ஆனால் வருஷா வருஷம் பனிக்காலத்தில் மட்டும் இரைத்து, வெயில் வந்ததும் நிற்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் பொருந்தவில்லை. அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆஸ்துமாவிலும் அந்த அணு ஏறத்தான் செய்யும். பிறகு எப்போதோ 'வீசிங்' என்ற சொல் வந்தது. அதுவும் ஒரு வகையில் மறைக்கத்தான். ஆஸ்துமா என்று சொன்னால் பொம்பளைப் பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சிக்கல், வீசிங் என்றால் ஏதோ சளி மாதிரி வந்து போகிற விஷயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும்தான் நினைத்தேன்.

அந்த 'வந்து போகிறது' என்கிற நினைப்புதான் என் குளிர்காலங்களைப் பாழாக்கியது. இரைப்பு வந்து போகும். ஆனால் மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கிற அழற்சி, அந்த மெல்லிய வீக்கம், அது எங்கேயும் போவதில்லை. சித்திரை வெயிலில் நான் படியேறி ஓடும்போதும் அது உள்ளேதான் இருக்கும், தொந்தரவு இல்லாததால் தெரியாது. அது இருக்கிற மூச்சுக்குழாய் மற்றவர்களுடையதைவிடக் கோபக்காரக் குழாய். கொஞ்சம் புகை, கொஞ்சம் தூசி, கொஞ்சம் குளிர்ந்த காற்று பட்டாலே சுற்றியிருக்கிற தசை இறுகிக்கொள்ளும். நீல இன்ஹேலரில் இருக்கிற சால்ப்யூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்திவிடுகிறது, ஐந்து நிமிடத்தில் மூச்சு வருகிறது, நான்கைந்து மணி நேரம் நிற்கிறது. வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைக்கிற மருந்து வேறு, புடசொனைடு மாதிரி மூச்சில் இழுக்கிற ஸ்டீராய்டு. அதை நன்றாக இருக்கும்போதும் தினமும் எடுக்க வேண்டும். நான் முப்பத்தி நான்கு வயது வரைக்கும் நீலத்தை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, வரும்போது அடித்துக்கொண்டு, போனதும் மறந்துகொண்டு காலம் தள்ளினேன். 2019-ல் ஜினா என்கிற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு தன் வழிகாட்டுதலையே மாற்றி, பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் சால்ப்யூட்டமால் மாதிரி மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம், ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் கட்டாயம் வேண்டும் என்று சொன்னது. நான் செய்துகொண்டிருந்தது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

'சென்னையில் என்ன பெரிய குளிர்?' என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன், கடற்கரை ஊர், ஜனவரியிலேயே 20 டிகிரிக்குக் கீழே போனால் பேப்பரில் செய்தி போடுகிறார்கள், இனிமேல் நமக்கு விடுதலை என்று. நடந்தது வேறு. இங்கே குளிரைவிட ஈரம்தான் முதல் எதிரி. வடகிழக்குப் பருவமழை ஊறப்போட்ட சுவர்கள் டிசம்பர் முழுக்கக் காய்வதில்லை, பீரோவுக்குப் பின்னால், பாத்ரூம் மேல் மூலையில், ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும், துணி எல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்கும். அப்புறம் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துணுக்குதான் அதற்குச் சாப்பாடு, தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சி வாழும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிலையாக நின்றால் அது வாடிச் செத்துப்போகும். சென்னையில் மழைக்காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம்மைத் தும்மவும் இரைக்கவும் வைப்பது பெரும்பாலும் அதன் கழிவுதான்.

அதனால் எங்கள் வீட்டில் பரணிலிருந்து கம்பளி இறக்கினால் நேராகக் கட்டிலுக்குப் போகாது. வாஷிங் மெஷினில் 60 டிகிரி சுடுதண்ணீர், அந்தச் சூட்டில்தான் பூச்சி சாகும், பிறகு மொட்டைமாடி வெயில். துவைக்க முடியாத இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருந்தது, அத்தை தன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது, அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அத்தை அறைக்கே அதை மாற்றிவிட்டு நானும் மகளும் ஜிப் வைத்த உறை போட்ட மெத்தைக்கு மாறினோம். தலையணைக்கும் அதே உறை. படுக்கை விரிப்பு வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில். இதைச் செய்த முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் காலையில் எழுந்ததும் வருகிற பத்துப் பதினைந்து தும்மல் நான்கைந்தாகக் குறைந்தது. உறை மட்டும் போட்டுவிட்டால் ஆஸ்துமா போய்விடும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அப்படி நடக்கவில்லை. ஆனால் மூக்கும் நெஞ்சும் ஒரே பாதைதான். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம், வாயால் விட்டால் காற்று சூடாகாமலும் ஈரமாகாமலும் நேரே உள்ளே இறங்குகிறது, உள்ளே இறங்கிய அந்தக் காய்ந்த குளிர்காற்று குழாயை இறுக்குகிறது. மூக்கைக் கவனித்தால் நெஞ்சுக்குப் பாதி வேலை மிச்சம்.

விடிகாலைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆஸ்துமா உள்ள எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிற விஷயம் அது. நுரையீரலின் வேலைத்திறன் ஒரு நாளில் மிகவும் குறைகிற நேரம் அதிகாலை நான்கு மணியை ஒட்டித்தான். அழற்சியை அடக்கி வைக்கிற கார்டிசோல் உடம்பில் ராத்திரியில் குறைந்துவிடுகிறது. அதே நேரம்தான் வெளியிலும் குளிர் அதிகம். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துவிடும், ராத்திரி எல்லாம் லாரி விட்ட புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கும். மார்கழியில் விடியற்காலை எழுந்து வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கோலம் போடுவது என்றால் ஆஸ்துமாக்காரிக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்குக் கோலமாவு. கல்லை அரைத்த மாவு, அதோடு கலர்ப்பொடி, குனிந்திருக்கிற முகத்துக்கு நேரே பறக்கும். எனக்குக் கோலம் என்றால் உயிர், அம்மாச்சியிடம் கற்றது, 21 புள்ளிக் கோலம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதை விடச் சொல்லி ஒரு டாக்டர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

விடவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டேன். சூரியன் ஏறி ஆறே முக்காலுக்கு மேல் போடுகிறேன், வாசலை முந்தின நாள் சாயங்காலமே கழுவிவிடுகிறேன், கல்மாவுக்குப் பதில் அரிசியை ஊறவைத்து அரைத்த இழைகோலம், மார்கழி முழுக்க. மூக்கையும் வாயையும் மூடி ஒரு பருத்தித் துப்பட்டா. அது அலங்காரம் இல்லை, வெளியே விடுகிற மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, உள்ளே போகிற காற்றைக் கொஞ்சம் பதப்படுத்தும். தெருவில் 'என்ன இவ்வளவு லேட்டா கோலம்' என்று கேட்ட இரண்டு பேரிடம் எனக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று நேராகச் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாயால் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவர்களில் ஒருவர் மறுநாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து இன்ஹேலர் எப்படி எடுப்பது என்று காட்டச் சொன்னார்.

அந்தப் பையன் செய்ததைப் பார்த்து நான் பதறிப்போனேன். ரோட்டாகேப்ஸ் என்கிற, பொடி மருந்து அடைத்த மாத்திரையை அதற்கான மிஷினில் போட்டு உறிஞ்சாமல், தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தான், மூன்று மாதமாக. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. இது அபூர்வம் இல்லை, நிறையப் பேர் செய்கிற தப்பு. ஸ்ப்ரே மாதிரி வருகிற இன்ஹேலரிலும் தப்பு நடக்கும்: குலுக்காமல் அடிப்பது, மூச்சை முதலில் வெளியே விடாமல் அடிப்பது, அழுத்திய பிறகு தாமதமாக இழுப்பது, இழுத்ததும் உடனே விட்டுவிடுவது. மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு விட வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி. பொடியாக வருவதற்கு மட்டும் இதற்கு நேர்மாறு, வேகமாகவும் பலமாகவும் இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். ஸ்டீராய்டு எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். ஸ்பேசர் என்கிற அந்த பிளாஸ்டிக் குழாயைக் குழந்தைகளுக்கான பொருள் என்று பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு நாற்பது வயதாகிறது, ஸ்பேசரோடுதான் எடுக்கிறேன், மருந்து தொண்டையில் படிவது குறைந்து நெஞ்சுக்குப் போவது கூடுகிறது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது உங்கள் இன்ஹேலரை எடுத்துப் போய் அவர் முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள், இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

'இன்ஹேலர் பழகிடும்' என்று சொல்லாத சொந்தக்காரரே இல்லை. மாத்திரை பரவாயில்லை, பஃப் ஆரம்பித்தால் விடவே முடியாது என்பார்கள். சின்ன வயதில் நான் விழுங்கிய சால்ப்யூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை என்பது 40 பஃப்புக்குச் சமம். அந்த மருந்து வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கடைசியில் நுரையீரலுக்கு வரும். மாத்திரை போட்ட அன்று கை நடுங்கி எனக்குப் பரீட்சையில் எழுத்து கோணலாகப் போகும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், டீச்சர் பயந்துவிட்டாய் என்பார். நேரே நுரையீரலுக்குக் கொடுப்பதால் இன்ஹேலரில் அவ்வளவு குறைந்த அளவே போதும். ஸ்டீராய்டுக்கும் இதே நியாயம்தான். தினமும் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் நோய் தினமும் இருக்கிறது என்று அர்த்தம், கண்ணாடி போடுகிறவரை யாரும் கண்ணாடிக்கு அடிமை என்று சொல்வதில்லை.

என் மகளுக்கு இந்த இன்ஹேலர் வந்த கதை ரொம்பப் பிடிக்கும். 1955-ல் அமெரிக்காவில் ஆஸ்துமா உள்ள 13 வயதுப் பெண் ஒருத்தி, தன் மருந்தைக் கண்ணாடி நெபுலைசரில் (திரவ மருந்தை மூச்சில் இழுக்கிற நுண்துளியாக்கும் கருவி) ஊற்றி ரப்பர் குமிழைப் பிசைந்து பிசைந்து அலுத்துப்போய், 'ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தர முடியாதா' என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ரைக்கர் என்ற மருந்து கம்பெனியின் தலைவர். அடுத்த வருஷமே, 1956-ல், அழுத்தினால் அளவாக மருந்து வருகிற முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. மகள் மூன்றாவது படிக்கும்போது வகுப்பில் இன்ஹேலர் எடுக்க வெட்கப்பட்டு பாத்ரூமுக்குள் போய் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையைச் சொன்ன பிறகு, தன் தோழிகளுக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தே எடுக்க ஆரம்பித்தாள்.

கைவைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் தூதுவளை ரசம் உண்டு, கற்பூரவல்லி இலைச் சாறு உண்டு, அம்மாச்சி ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து கொடுப்பார், இன்றைக்கும் அந்தக் கசப்பு நாக்கில் இருக்கிறது. ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்குகிற புரோம்ஹெக்சின் மருந்தே உருவானது, இருமல் சிரப் பாட்டில்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆகவே அம்மாச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் சளி இளகுவது வேறு, இறுகிய குழாய் திறப்பது வேறு. ரசம் தொண்டைக்கு இதம், இரைப்பு வந்துவிட்டால் ரசம் வைக்க அடுப்புக்குப் போகிற நேரம் இல்லை அது. ஆவி பிடிப்பதும் அப்படித்தான், மூக்கடைப்புக்கு நல்லது, வீசிங்குக்கு மருந்து இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் கொதிக்கிற குண்டானோடு கவனமாக இருங்கள்.

நான் கடுமையாக எதிர்ப்பது புகையைத்தான். பிள்ளைக்குச் சளி என்றால் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடுவது, கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்திச் சுருள் ஏற்றிவைப்பது. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலத்தில்தான் கொசுவும் அதிகம், ஜன்னலையும் அப்போதுதான் அடைக்கிறோம், அந்த அறைக்குள்தான் இரைக்கிற பிள்ளை தூங்குகிறது. கொசுவலை கட்டுங்கள். நாங்கள் கட்டினோம், பழைய காலத்து வீடு மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்கள் சொல்லட்டும். பூஜை அறையில் ஊதுபத்தி நிறுத்தப்பட்டு விளக்கு மட்டும் எரிகிறது, அத்தை முதலில் வருத்தப்பட்டார், பேத்தியை ஒரு ராத்திரி நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு அவரே ஊதுபத்திப் பாக்கெட்டை எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

வெளியே வருகிற புகைக்கு மூன்று தேதி இருக்கிறது: தீபாவளி, கார்த்திகை, போகி. தீபாவளிக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது 2018-ல், உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்று சொல்ல, தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்தார்கள். எந்தத் தெருவில் அது நடக்கிறது என்பது வேறு. பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சத்தம் போடாதது பாதுகாப்பானது என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளிடம் பாம்பு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கொளுத்துகிற ஆறு வகைப் பட்டாசுகளைப் புனேயில் வைத்து அளந்து பார்த்தபோது நுண்துகள் அதிகமாக வந்தது அந்தக் கறுப்பு மாத்திரையில்தான், அதையும் குழந்தை முகத்தை அருகில் வைத்து குனிந்து பார்க்கும். கார்த்திகையில் கோயிலில் சொக்கப்பனை கொளுத்தும்போது நாங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம், தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

போகிதான் மோசம். பனிமூட்டம் உச்சத்தில் இருக்கிற நாள், நேரமோ விடியற்காலை, அதில் பாய், தலையணை, பிளாஸ்டிக், சில இடங்களில் டயர் வரைக்கும். 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. அன்று நான் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி வைத்து அடைத்துக்கொண்டு, மடியில் மகளை உட்காரவைத்து, இரண்டு பேருமாக பஃப் எடுத்துக்கொண்டிருந்தோம். எதையாவது கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு வறட்டியும் காய்ந்த ஓலையும் போதும், எங்கள் ஊரில் அவ்வளவுதான் கொளுத்தினார்கள், அதையும் கொஞ்சம் வெயில் வந்த பிறகு கொளுத்தினால் எங்களைப் போன்றவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வோம். அதற்கு முந்தின வாரம் வீட்டுக்குள் நடக்கிற ஒட்டடை அடிக்கிற வேலைக்கு நானும் மகளும் அந்தப் பக்கமே போவதில்லை. கணவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபேன், பரண் எல்லாம் ஈரத்துணியால் துடைப்பார், புதுத் துடைப்பம் வாங்கினால் அது கொட்டுகிற பொடி தீரும்வரை மாடியில் வைத்துத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும்.

ஆபத்தான அறிகுறிகளை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறோம், டாக்டர் எழுதிக்கொடுத்த திட்டத்தோடு சேர்த்து. ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியவில்லை, கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கிறது, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, நீல இன்ஹேலர் எடுத்தும் நான்கு மணி நேரம் தாங்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் 108. படுக்கவைக்கக் கூடாது, உட்காரவைத்து, ஸ்பேசரில் நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இன்னொன்று, இரைப்புச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பிள்ளை சோர்ந்தும் இருந்தால் சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். இது தெரியாமல் இருந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும், அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் ஒன்று வைத்திருக்கிறோம், காலையில் ஊதினால் முள் ஒரு எண்ணில் நிற்கும். என் நல்ல நாள் எண் 380. 300-க்குக் கீழே வந்தால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை; 190-க்குக் கீழே சிவப்பு, அதாவது ஆபத்து. இருமல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அந்த எண் எனக்கு இறங்கிவிடுகிறது, அப்போதே டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்டிக்கொள்கிறேன். வருஷம் ஒருமுறை ஃப்ளூ ஊசியும் மழை தொடங்கும் முன்பு போட்டுவிடுகிறோம், ஏனென்றால் எங்களுக்குப் பெரிய அட்டாக் எல்லாம் ஒரு சாதாரண ஜலதோஷத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. என் மருந்து அளவை நான் இங்கே எழுதவில்லை, அது எனக்கானது.

போன டிசம்பரில் பள்ளி விளையாட்டு விழா. மகள் 200 மீட்டரில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். டாக்டரிடம் கேட்டேன், ஓடட்டும் என்றார், கால் மணி நேரம் முன்னால் நீலம் இரண்டு பஃப், கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடச் சொன்னார். பி.டி. சாரிடம் ஸ்பேசரைக் கொடுத்து எப்படி என்று காட்டினேன், அவர் தன் ஃபோனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டார். காலை எட்டரை மணி, மைதானத்தில் இன்னும் பனி இருந்தது. நான்காவதாக வந்தாள். கோட்டைத் தாண்டி என்னிடம் ஓடி வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, முகம் எல்லாம் சிவந்திருந்தது, நான் ஒன்றும் பேசாமல் முழங்காலிட்டு அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. ஓடினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்குகிற மூச்சுதான்.